தண்டவாளம் போன வழியில் ஒரு சைக்கிள்

பாலக்காட்டையும் இடுக்கியையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். வரைபடத்தை விரித்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடவே இல்லை. திருச்சூர் மாவட்டத்தின் மலக்கப்பாறைக் காடும் நம் வால்பாறை மேடும் நடுவே குறுக்கிட்டுக் கிடக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக வாய்த்த அண்டை மாநிலம் தமிழ்நாடுதான். அந்த எல்லையோரத்தில், பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியின் தேவிகுளம் தாலுகாவிலும், வீட்டில் தமிழ் பேசும் ஊர்கள் நிறைய. சைக்கிளில் வழிதவறியவனுக்கு இது பெரிய ஆறுதல்.

சில குளிர்காலங்களாக இந்த இரண்டு எல்லையோரங்களிலும் மண்வழி தேடி மிதித்து வருகிறேன். கேள்வி சின்னது: மோட்டார் வண்டி வராத மலைவழி எந்தப் பக்கம் அதிகம்? ஆல்ப்ஸ் மலைக்கு இதற்காகவே விமானமேறிப் போகிறார்கள். கிராவல் பைக் என்ற சைக்கிள் இப்படிப்பட்ட வழிகளுக்கானது. ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், 40 மில்லிமீட்டர் அளவுக்கு அகலமான டயர், ஏற்றத்தில் முழங்காலைக் காப்பாற்றும் கியர். வேறு ரகசியம் எதுவும் இல்லை. நம் ஊர்ப் பால்காரர் இரண்டு பக்கமும் கேன் தொங்க, இதைவிட மோசமான வழியில் ஆயுள் முழுக்க மிதித்தார். அவர் சைக்கிளுக்கு யாரும் தனிப்பெயர் வைக்கவில்லை.

கேள்வி சின்னதென்றாலும், அதன் பதில் என்னை இரண்டு பழைய தண்டவாளங்களிடம் கொண்டுபோய் விட்டது.

முதலாவது பாலக்காட்டின் பறம்பிக்குளத்தில். கொச்சி சமஸ்தானம் 1907-ல் அந்தக் காட்டிலிருந்து சாலக்குடிக்கு ஒரு டிராம் பாதை திறந்தது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர், மீட்டர் கேஜ். தேக்கையும் ஈட்டியையும் மலையிலிருந்து இறக்கி, சாலக்குடியில் ரயிலேற்றுவதே அதன் வேலை. தளவாடங்கள் ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கோப்பல் கம்பெனியிலிருந்து வந்தன. மலை சரேலென்று விழும் இடங்களில் என்ஜினுக்கு வேலை கிடையாது. மரம் ஏற்றிய பெட்டி தன் கனத்தாலேயே கீழே இறங்கும். வடத்தின் மறுமுனையில் கட்டிய காலிப்பெட்டி அந்த இழுப்பில் மேலே ஏறும். ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறும் கிணற்று ராட்டினத்தின் கணக்குதான். பிரேக் பிடிப்பவர் கவனமாக இருந்தால் போதும். 1963-ல் அதை மூடிவிட்டார்கள். டிராம் நின்று சென்ற குரியார்குட்டியில்தான் 1933-ல், திருவிதாங்கூர் கொச்சி பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த சாலிம் அலி தங்கியிருந்தார்.

இரண்டாவது இடுக்கியின் மூணாற்றில். 1902-ல் கண்ணன் தேவன் கம்பெனி குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டது. யூயிங் முறை என்று பெயர். கனத்தில் பெரும்பங்கைத் தரையில் கிடக்கும் ஒரே தண்டவாளம் தாங்கும். பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் பக்கத்துத் தரையில் உருண்டபடி வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுத்தவை காளைகள். சைக்கிளுக்குப் பக்கச் சக்கரம் மாட்டிக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்போமே, ஏறக்குறைய அதே யோசனை. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகலத்தில் குறுந்தண்டவாளம் போட்டு நீராவி என்ஜின் ஓட்டினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷன் வரை ரயிலிலும், அங்கிருந்து கொட்டகுடிக்கு ரோப்வேயிலும் இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் துறைமுகம் போயின. 1924 ஜூலை வெள்ளம் அத்தனையையும் வாரிக்கொண்டு போயிற்று. மலையாளிகள் கொல்லம் ஆண்டுக் கணக்கில் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பது அதைத்தான். ரயிலை மறுபடி யாரும் கட்டவில்லை. ஸ்டேஷன் போய், ஊருக்கு டாப் ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது. ஊரும் தேனி மாவட்டத்தில் இருக்கிறது.

மலை ரயில் போட்ட வழியைப்போல் சைக்கிளுக்கு வாய்ப்பான வழி வேறில்லை. என்ஜினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் வழி மலையை ஒட்டியே வளைந்து, மூச்சு வாங்காமல் ஏறும். இது தெரிந்த ஊர்களில் பழைய ரயில்படுகைகளைச் சைக்கிளுக்குத் திறந்துவிட்டார்கள். நம் குண்டளை ஒற்றைத் தண்டவாளம் ஓடத் தொடங்கிய அதே 1902-ல்தான் இத்தாலியின் த்ரியெஸ்தேயிலிருந்து இன்றைய குரோஷியாவின் பொரெச்சுக்குப் பரென்சானா என்ற குறுந்தண்டவாளம் ஓடத் தொடங்கியது. 1935-ல் அதுவும் நின்றது. இன்று அதன் 123 கிலோமீட்டர் தடம் மூன்று நாடுகளைக் கடக்கும் சைக்கிள் வழி. சுரங்கம், பாலம், சரளை எல்லாம் உண்டு. கார்தான் அநேகமாக இல்லை.

நம் இரண்டுக்கும் என்ன ஆயிற்று? குண்டளைத் தடம் பல இடங்களில் தார்ச்சாலையோடு கலந்துவிட்டது. மூணாறு, மாட்டுப்பட்டி, எக்கோ பாயிண்ட், குண்டளை, டாப் ஸ்டேஷன் என்று சுமார் 32 கிலோமீட்டர் போகும் அந்த ரோடு விடுமுறை நாட்களில் மலை முழுவதற்குமான நெரிசல். மாட்டுப்பட்டி அணைக்கருகே ஒருமுறை ஒரு மணி நேரம் நின்றேன். குதிரைச் சவாரி, கேரட் கட்டு, சோளம், செல்ஃபி. (அதே மாட்டுப்பட்டிக்குச் சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1963-ல் உண்மையிலேயே வந்தார்கள். இயற்கையை ரசிக்க வந்தவர்கள் அல்லர். மாட்டுப்பண்ணை வைக்க வந்தவர்கள். அவர்களுடைய பிரவுன் சுவிஸ் காளைகளைக் கொண்டு உருவானதுதான் கேரளத்தின் சுனந்தினி இனம்.) பறம்பிக்குளம் டிராம் தடத்துக்கு நேர் எதிர் விதி. அதைக் காடு விழுங்கிவிட்டது. 1973-ல் சரணாலயம், 2010-ல் புலிகள் காப்பகம். சுற்றுலா வருபவர் வனத்துறை வண்டியில் வனத்துறை சொன்ன இடம் வரை போய்வரலாம். தனியாகச் சைக்கிள் மிதிக்க இடமில்லை.

ஆக, ஒரு தண்டவாளம் கார் வரிசையாயிற்று, இன்னொன்று புலித்தடமாயிற்று. இரண்டு மாவட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது. சைக்கிள்காரன் இரண்டுக்கும் நடுவில் வழி தேட வேண்டியிருக்கிறது.

அந்த நடுவழி பாலக்காட்டில் வாய்க்கால்கரையாக இருக்கிறது. ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப்புழையாக எல்லை தாண்டி வந்து மூலத்தறையில் பிரிகிறது. கிளை வாய்க்கால்கள் சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமெல்லாம் ஓடுகின்றன. கரைமேல் இருக்கும் வழி தண்ணீர் பார்க்கிற ஆளுக்காகப் போட்டது. டிராக்டர் வரும், எருமை வரும், பனையேறி வருவார். கார் வராது, வந்தால் திரும்ப இடமில்லை. தெற்கே போகப் போக, கொல்லங்கோடு தாண்டி முதலமடை மாந்தோப்புகளுக்குள் செம்மண் வழி நுழைகிறது. மீங்கரை, சுள்ளியாறு அணைகள். அவற்றுக்குப் பின்னால் நெல்லியாம்பதி மலை. சமவெளியிலிருந்து படிப்படியாக உயரும் மலையில்லை அது. வயல் முடிந்த இடத்தில் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். மழை முடிந்த கையோடு போனால் சுவரிலிருந்து நாலைந்து வெள்ளைக் கோடுகள் இறங்குவதை மிதித்தபடியே பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தின் எதிரி ஏற்றமில்லை, காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கும் ஒரே பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று அதில் புகுந்து வீசும். வேலந்தாவளத்திலிருந்து கொல்லங்கோட்டுக்குக் காலையில் புறப்பட்டால் நீங்கள் உலகச் சாம்பியன். திரும்பும்போது தட்டையான வழியில் மலையேற்றத்து கியர் போட்டுக் குனிந்து கிடப்பீர்கள். இன்னொன்று மண். கேரளத்தில் கரிசல் மண் கிடைக்கும் அபூர்வமான இடம் இந்தச் சித்தூர் வட்டாரம். காய்ந்திருந்தால் சிமெண்ட் தரை. ஒரு மழை பெய்துவிட்டால் டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே களியாய் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்துவிடும். அப்படி ஒருநாள் குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது, வேலியோரம் நின்ற பெரியவர் கொங்குத் தமிழில் கேட்டார்: “ஏனுங் தம்பி, இது எவ்வளவுங்க?” சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தக் காசுக்கு நல்ல மாடு வருமுங்களே” என்றார். மறுக்க முடியாத கணக்கு.

இடுக்கிப் பக்கத்தில் வழியின் தரமே வேறு. கொழுந்து ஏற்றிய டிராக்டர் மழைக்காலத்திலும் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத் தோட்டத்து வழிகளுக்குக் கல் பாவி, ஓரத்தில் கான் வெட்டி, வளைவுக்கு வளைவு கல்வெர்ட் வைத்திருப்பார்கள். ஏற்றம் அளவாக இருக்கும். ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் வெயில் உறைக்காது. டிசம்பர் விடியலில் புல்லில் உறைபனிகூட உண்டு. தேயிலைக்கு மேலே சோலையும் புல்வெளியும், அதற்கும் மேலே 2,695 மீட்டர் ஆனைமுடி. ஆல்ப்ஸில் குளிரால் மரம் நின்றுபோகும் உயரத்துக்கு மேல் புல்வெளி. இங்கே புல்லும் மரமும் அடுத்தடுத்தே நிற்கும், மரம் பள்ளத்தில், புல் மேட்டில். கண்ணுக்கு இரண்டு மலையும் ஒன்றுபோலவே இருக்கும். சைக்கிள் ஓட்டத்துக்கென்றே யாரோ கட்டிய மலை என்று சத்தியம் செய்யலாம்.

ஆனால் கேட் இருக்கிறது. ஒரு தோட்டத்து முகப்பில் (பெயர் வேண்டாம்) வாட்ச்மேன் மரியாதையாகவே சொன்னார்: “சார், இது கம்பெனி ரோடு. ஆபீஸ்ல லெட்டர் வாங்கிட்டு வந்தா நானே தெறந்து விடுறேன்.” ஆபீஸுக்குப் போனேன். கேட்டில் கேட்கச் சொன்னார்கள். அன்றைய சவாரி அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவிலேயே முடிந்தது. வாட்ச்மேன்மேல் எனக்கு வருத்தமில்லை. 1877-ல் பூஞ்சாற்று அரசர் ஜான் டேனியல் மன்றோவுக்கு எழுதிக்கொடுத்த குத்தகையிலிருந்து இந்த மலையின் ஒவ்வொரு வழியும் யாராவது ஒருவர் கணக்கில்தான் இருந்து வருகிறது. லயத்து வீடுகளிலிருந்து பள்ளிக்கூடம் போகும் குழந்தைகளும் அதே கம்பெனி ரோட்டில்தான் நடக்கிறார்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் போகும் கரடுமுரடான ஏற்றம் திறந்திருக்கிறதென்றால், அங்கே விடியலில் ஜீப்புகள் அணிவகுக்கின்றன. சூரியோதயம் முடிந்து எல்லாரும் இறங்கிய பிறகு, பத்து மணி வாக்கில் போனால் வழி உங்களுக்கு. ஆனால் அந்தக் கற்களில் 40 டயர் போதாது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஆல்ப்ஸிலும் இந்தக் கேட் விவகாரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சுவிட்சர்லாந்தில் 1991 வனச்சட்டப்படி காட்டுச்சாலையில் மோட்டார் வண்டி, வன வேலைக்கு மட்டும். அதனால் சைக்கிளுக்கு அது சொர்க்கமாகிவிட்டது. பக்கத்து ஆஸ்திரியாவில் 1975 சட்டம் காட்டுக்குள் நடக்க எல்லாருக்கும் உரிமை கொடுத்தது. சைக்கிளுக்கு உடைமைக்காரர் சம்மதம் வேண்டும். அதே மலை, அதே சரளை. நான் போட்ட கணக்கில் பாலக்காட்டு வாய்க்கால்கரை சுவிஸ், மூணாற்றுத் தோட்டம் ஆஸ்திரியா. நெல்லியாம்பதி? அது இன்னொரு குழப்பம். வெல்லமும் சுண்ணாம்பும் கலந்த காரையால் கட்டினார்கள் என்று சொல்லும் போத்துண்டி அணையைத் தாண்டி, கொண்டைஊசி வளைவுகளில் ஏறிப்போனால், காப்பி ஏலத் தோட்டங்களுக்குள் ஜீப் வழிகள் கிளை பிரிகின்றன. குத்தகை முடிந்ததா, காடா, தோட்டமா என்ற வழக்குகள் பல வருடங்களாக நடக்கின்றன. வழக்கு முடிகிறவரை வழி யாருடையது என்று வழிக்கே தெரியாது. அங்கே நான் தார்ச்சாலையோடு நிறுத்திக்கொண்டேன்.

வண்டி இல்லாத வழியைப் பற்றிப் பேசும்போது யானையை விட்டுவிட முடியாது. மோட்டார் சத்தம் யானைக்கு எச்சரிக்கை. அது விலகிப்போக அவகாசம் கொடுக்கிறது. சைக்கிளுக்குச் சத்தமில்லை. வளைவு திரும்பினதும் நாமும் அதுவும் ஒரே நேரத்தில் திடுக்கிடுவோம்; அந்தப் போட்டியில் ஜெயிக்கப்போவது நாமல்ல. 2023 ஏப்ரலில் சின்னக்கானலிலிருந்து மயக்க ஊசி போட்டு அப்புறப்படுத்தப்பட்ட அரிக்கொம்பன் யானையின் பெயர் தெரியாத ஆள் அந்தப் பக்கம் இல்லை. பாலக்காட்டு அடிவாரத்திலும் மாங்காய், பலா பழுக்கும் பருவத்தில் யானை இறங்கும், செம்மணாம்பதிப் பக்கம் குறிப்பாக. ஆகவே என் விதி இரண்டு பக்கமும் ஒன்றுதான்: எட்டு மணிக்கு முன்னும் நாலு மணிக்குப் பின்னும் மண்வழியில் இல்லை, வளைவுக்கு வளைவு மணி அடிப்பது. ஆல்ப்ஸில் மாட்டின் கழுத்தில் மணி. இங்கே மணி ஓட்டுகிறவனுக்கு.

செம்மணாம்பதியைச் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்து முதலமடை ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் அங்கே வாழும் காடர், மலசர் மக்கள் தங்கள் ஊராட்சி ஆபீஸுக்குப் போக டாப் ஸ்லிப், சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்றி வர வேண்டியிருந்தது. செம்மணாம்பதிக்கு நேர்வழி கேட்டுக் கேட்டு அலுத்து, 2020 காந்தி ஜெயந்தியன்று மண்வெட்டி, அரிவாளோடு தாங்களே வழி வெட்ட இறங்கினார்கள். இடுக்கியில் இதற்கு இணை இடமலைக்குடி. 2010-ல் உருவான, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அங்கேயிருந்து நோயாளியைக் கட்டித் தோளில் தூக்கி வரும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம். ‘வண்டி வராத வழி’ என்று நான் ஆசையாகக் குறித்துவைத்த இடங்களும் இவர்கள் மனுவில் புகாராக எழுதின இடங்களும் வரைபடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுகின்றன. இந்த ஒப்பீட்டில் இரண்டு மாவட்டமும் சமமாக நிற்கும் இடம் இது ஒன்றுதான்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நான் பாலக்காட்டுக்குத்தான் மார்க் போடுவேன். அழகில் இடுக்கியோடு நிற்க முடியாது, மார்ச் வந்துவிட்டால் வெயிலில் தோல் உரியும், மா பூக்கும் சமயத்தில் மருந்தடிக்கும் தோப்பில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஆனாலும் ஒரு நாள் முழுக்க யாரிடமும் லெட்டர் கேட்காமல் மிதிக்க முடிகிறது. இணையத்தில் கொல்லங்கோடு புகழ்பெற்ற பிறகு சனி, ஞாயிறுகளில் அங்கும் கார் ஏறிவிட்டது என்பதால், செவ்வாய்க்கிழமை போகிறேன்.

செவ்வாய்க்கிழமை தற்செயலாக வந்ததில்லை. இத்தாலி, பிரான்ஸ் எல்லையில் லிமோனேயிலிருந்து மோனேசிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர், 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய ராணுவச் சரளைச்சாலை இருக்கிறது, ஆல்டா வியா டெல் சாலே. அங்கே கோடையில் செவ்வாயும் வியாழனும் மோட்டார் வண்டி கிடையாது. மற்ற நாட்களில் கட்டணம் கட்டிய ஜீப்பும் மோட்டார் பைக்கும் போகலாம். கேட்டே தேவையில்லை, காலண்டர் போதும். இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கொடைக்கானல்–மூணாறு எஸ்கேப் ரோடு நினைவு. பேரிஜம் ஏரி, வந்தரவு, பாம்பாடும்சோலை, டாப் ஸ்டேஷன் என்று சுமார் 80 கிலோமீட்டர், 2,400 மீட்டருக்கு மேலே ஏறி இறங்கியது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் சென்னைக்கு வந்தால் தப்பிப்போக என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். 1990-ல் மூடினார்கள். பேரிஜம் வரை இன்றும் அனுமதிச்சீட்டோடு கார் போகிறது. அதற்கப்பால் சைக்கிளும் போவதில்லை. காட்டுக்கு அந்த ஓய்வு தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் குண்டளை ரோட்டுக்கு வாரத்தில் ஓர் அரைநாள், காலை ஆறிலிருந்து பத்து வரை, காலண்டர் போடலாமே? அந்த ஒற்றைத் தண்டவாளக் காளைகள் போன தடத்தில் அவ்வளவு நேரமாவது ஹார்ன் கேட்காமல் இருக்கலாம்.

போன தை மாதம் வட்டவடைக்குப் போயிருந்தேன். கோவிலூர் தாண்டி, பூண்டுப் பாத்திகளுக்கு மேலே, கொடைக்கானல் மேல்மலையின் கிளாவரைக்குப் போகும் ஒற்றையடிப் பாதை ஆரம்பிக்கிறது. ஜீப் ஏறாது. நான் தேடியது அச்சாக அப்படிப்பட்ட வழிதான். சும்மாட்டின்மேல் மூட்டையோடு ஒரு அம்மா முன்னால் போய்க்கொண்டிருந்தார், மகள் வீட்டுக்கு. என் சைக்கிளைத் திரும்பிப் பார்த்து, “இதுல ஏறிப்போக முடியாது தம்பி, தூக்கிட்டுத்தான் வரணும்” என்றார். முடியவில்லைதான், இறங்கினேன்.

“நீங்கல்லாம் கீழ இருந்து வர்றீங்க, சொன்னா கேப்பாங்க. இதுல ஒரு ரோடு போட்டா எவ்வளவு நல்லாருக்கும், இல்லையா?”

“ஆமாங்கம்மா” என்றேன்.

சைக்கிளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, எல்லைக்கல் வரை அவர் பின்னாலேயே நடந்தேன்.